முதுமலைக்குப் போகுமுன்

காட்டு விலங்குகளைப் பார்த்துவிட்டு வந்தவர்களிடம் பேசிப் பாருங்கள். ஒருவர், "யானைக் கூட்டத்தையே பார்த்தேன்" என்பார். இன்னொருவர், "நாலைந்து மான்களைத் தவிர ஒன்றும் கண்ணில் படவில்லை" என்று அலுத்துக் கொள்வார். இருவரும் போனது ஒரே காடு. அப்படியானால் இந்த வேறுபாடு எப்படி வந்தது? அதிர்ஷ்டம் என்று சொல்வது எளிது. ஆனால் விலங்குகள் தம் விருப்பம்போல் அலைவதில்லை. தண்ணீர், உணவு, நிழல் ஆகிய மூன்றும் கிடைக்கும் இடத்தை நாடியே அவை நடமாடுகின்றன. இவை எங்கே, எப்போது கிடைக்கும் என்று தெரிந்துகொண்டு போகிறவருக்கு விலங்குகளைக் காணும் வாய்ப்பு மிகுதி.

நீலகிரி மாவட்டத்திலுள்ள முதுமலையை எடுத்துக்கொண்டு இதை ஆராய்வோம். 1940-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இக்காட்டின் ஒரு பகுதி தேசியப் பூங்காவாகவும் இருக்கிறது. 2007-இல் இது புலிகள் காப்பகமாயிற்று. அதன் மையப் பகுதி மட்டும் 321 சதுர கிலோமீட்டர். வடக்கே கர்நாடகத்தின் பந்திப்பூரும், மேற்கே கேரளத்தின் வயநாடும் இதனுடன் ஒட்டிக் கிடக்கின்றன. மாநில எல்லைகள் நமக்குத்தான். யானைகளுக்கு மூன்றும் ஒரே காடு.

ஒரே காட்டில் பல காடுகள்

தேசப்படத்தை விரித்து வைத்துக்கொள்ளுங்கள். தென்மேற்குப் பருவக்காற்று அரபிக்கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்துகொண்டு வருகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மோதி மேலெழும்போது குளிர்ந்து, பெரும் பகுதி நீரைக் கூடலூர்ப் பக்கமே கொட்டிவிடுகிறது. கிழக்கே போகப் போகக் காற்றில் ஈரம் குறைகிறது. ஆகையால் முதுமலையின் மேற்குக் கோடியில் ஆண்டுக்குச் சுமார் 1,600 மில்லிமீட்டர் மழை பெய்ய, கிழக்கே மசினகுடிப் பக்கம் ஏறத்தாழ அதில் பாதிதான் பெய்கிறது.

இதன் விளைவை வண்டியிலிருந்தபடியே பார்க்கலாம். மேற்கே உயர்ந்த தேக்கும், மருதும், மூங்கில் புதர்களும் அடர்ந்திருக்கும். நடுவில் மரங்கள் இடைவெளி விட்டு நிற்க, அவற்றின் அடியில் புல் வளர்ந்திருக்கும். கிழக்கே வேலமும் இலந்தையுமாக முட்காடு. காட்டெருதும் மலபார் மலை அணிலும் வேண்டுமென்றால் மேற்கே கண்ணைத் தீட்டுங்கள். புள்ளிமான் கூட்டங்களுக்குப் புல்வெளி ஓரங்களைப் பாருங்கள். கிழக்கே போனால் வானத்தையும் கவனிக்க மறவாதீர்கள். தமிழகத்தில் அருகிவிட்ட பாறு கழுகுகள் மாயாறு பள்ளத்தாக்கில் இன்றும் கூடு கட்டுகின்றன.

எந்த மாதம் போவது?

ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். காடு பசுமையாக இருக்கும். ஆனால் எங்கும் தண்ணீர், எங்கும் தழை. விலங்குகள் எல்லாத் திசைகளிலும் பரவிவிடும். புதர் அடர்ந்திருப்பதால் பத்தடி தூரத்தில் யானை நின்றாலும் தெரியாது.

ஜனவரி பிறந்ததும் நிலைமை மாறுகிறது. மரங்கள் இலையை உதிர்க்கின்றன. காட்டுக்குள் வெகுதூரம் கண்ணுக்குத் தெரிகிறது. சிற்றோடைகளும் குட்டைகளும் வற்றுகின்றன. மார்ச் மாதத்தில் மாயாறும் வற்றாத சில நீர்நிலைகளுமே மிச்சம். வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு நூறு லிட்டருக்கு மேல் தண்ணீர் வேண்டும். பத்து யானைகள் உள்ள கூட்டமானால் ஆயிரம் லிட்டருக்கு மேல்! ஆகவே விலங்குகள் நீருக்கு அருகே கூடுகின்றன. அவற்றைப் பார்க்க இது மிகச் சுலபமான காலம்.

ஆனால் ஒன்றை மறந்துவிடக் கூடாது. நமக்கு மிகச் சுலபமான இக்காலமே அவற்றுக்கு மிகக் கடினமான காலம். புல் காய்ந்து நாராகி, அதிலுள்ள புரதம் குறைந்துவிடுகிறது. யானைகள் மரப்பட்டையையும் தழையையும் தின்று காலம் தள்ளுகின்றன. குட்டிகளும் கிழ விலங்குகளும் மெலிகின்றன. போதாக்குறைக்குக் காட்டுத்தீ. தீ அபாயம் மிகுந்த ஆண்டுகளில் வனத்துறை பார்வையாளர்களை அனுமதிக்காமல் நிறுத்தி வைப்பதும் உண்டு. எனவே புறப்படுமுன் விசாரித்துக்கொள்வது அவசியம்.

பள்ளி விடுமுறைக்கு ஏற்ற வழி ஒன்று இருக்கிறது. ஏப்ரல், மே மாதங்களில் கோடை மழை ஓரிரு முறை பெய்ததும் கருகிய தரையில் இளம்புல் முளைவிடும். அதை மேயப் புள்ளிமான்களும் யானைகளும் திறந்த வெளிக்கு வரும். அந்த நாட்களில் போனால் நமக்கும் காட்சி உண்டு. அவற்றுக்கும் வயிறு நிறையும்.

எந்த வேளை நல்லது?

காலையில் வெயில் ஏறுமுன்பும், மாலையில் வெயில் தாழ்ந்த பின்பும் போவது நலம். யானைக்கு நம்மைப்போல் உடலெங்கும் வியர்த்து வெப்பம் தணிக்கும் வசதி கிடையாது. காதுகளை விசிறியும், நிழலில் நின்றும், நீரையும் சேற்றையும் மேலே வாரி இறைத்தும் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. உச்சி வெயிலில் காட்டெருதும் மானும்கூட நிழலில் படுத்து அசைபோடும். பகல் பதினொரு மணிக்குப் போய், "ஒன்றுமே இல்லை" என்று குறை கூறுவதில் பயனில்லை!

தெப்பக்காட்டிலிருந்து வனத்துறை வாகனங்கள் காலையிலும் மாலையிலும் காட்டுக்குள் அழைத்துச் செல்கின்றன. சொந்த வண்டியில் காட்டுப் பாதைகளில் நுழைய அனுமதி இல்லை. முந்தின நாளே வந்து தங்கினால் காலை முதல் வண்டியில் இடம் பிடிக்கலாம்.

காதால் பார்க்கலாம்!

கண்ணுக்கு முன்னே காது வேலை செய்யட்டும். மரத்தின் மேல் சாம்பல் நிறக் குரங்குகள், அதாவது மந்திகள், இலை தின்னும்போது பாதியைக் கீழே உதிர்க்கும். அதைத் தின்னப் புள்ளிமான்கள் மரத்தடியில் கூடும். இந்த நட்பில் இன்னொரு ஆதாயமும் உண்டு. மந்திக்கு உயரத்திலிருந்து தூரப் பார்வை. மானுக்குக் கூர்ந்த மோப்பம். புலியோ சிறுத்தையோ வருவதை எது முதலில் அறிந்தாலும் குரல் கொடுக்கும். மற்றது எச்சரிக்கை அடையும்.

மந்தியின் எச்சரிக்கை, கரகரத்த இருமல் போலிருக்கும். புள்ளிமானின் குரல் கீச்சென்று கூர்மையாகக் கேட்கும். கடமான் உரத்து ஒலியெழுப்பிக் காலால் தரையைத் தட்டும். கடமான் விடாமல் மறுபடி மறுபடி கத்தினால் வண்டியில் எல்லோரும் மூச்சை அடக்கிக்கொள்ளலாம். அருகில் புலியோ சிறுத்தையோ இருக்கக்கூடும்.

வழியில் மண்ணையும் பாருங்கள். புலியின் தடம் வட்டமாக, நான்கு விரல்களுடன் இருக்கும், நகம் பதியாது. நடக்கும்போது அது நகங்களை உள்ளே இழுத்துக்கொள்கிறது. செந்நாயின் தடத்தில் நகம் பதிந்திருக்கும். யானையின் தடத்திலோ ஒரு கணக்கே அடங்கியிருக்கிறது. முன்னங்காலின் சுற்றளவை இரண்டால் பெருக்கினால் ஏறக்குறைய அதன் தோள் உயரம் கிடைக்கும். சுற்றளவு 130 செ.மீ. என்றால் உயரம் சுமார் 260 செ.மீ. தெப்பக்காடு யானைகள் முகாமில் உணவு கொடுக்கும் நேரத்தில் போனால், யானைகளின் முன்னங்காலைக் கவனித்து, உயரத்தை மனத்தால் கணக்கிட்டுப் பாகனிடம் கேட்டுச் சரிபார்க்கலாம்.

நாம் செய்யும் தீங்கு

காட்டின் குறுக்கே உதகையையும் மைசூரையும் இணைக்கும் நெடுஞ்சாலை ஓடுகிறது. வறண்ட மாதத்தின் ஒரு மாலை நேரத்தைக் கற்பனை செய்யுங்கள். சாலையின் ஒருபுறம் குட்டிகளுடன் யானைக் கூட்டம், மறுபுறம் தண்ணீர். யானையைக் கண்டதும் ஒரு கார் நிற்கிறது. அதன் பின்னே நான்கு, பிறகு பத்து. படம் எடுக்கிறார்கள், கூவுகிறார்கள். கூட்டத்தை நடத்திச் செல்லும் மூத்த பெண் யானை காதை விரித்து நின்று பார்த்துவிட்டுக் குட்டிகளைக் காட்டுக்குள் திருப்பிக்கொண்டு போகிறது. காரில் வந்தவர்களுக்கு ஒரு நல்ல படம். நாள் முழுதும் நடந்து வந்த குட்டிக்குத் தாகம். விலங்குகள் அமைதியாகச் சாலையைக் கடப்பதற்காகவே இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை இச்சாலையில் போக்குவரத்து கட்டுப்படுத்தப்படுகிறது. பகலில் அந்த அமைதியைக் காப்பது நம் பொறுப்பு.

குரங்குக்குப் பிஸ்கட் போடுவதும் தீங்கே. சாலையோரம் காத்திருக்கப் பழகும் குரங்கு, வண்டிச் சக்கரத்தில் சிக்குகிறது. உப்பு மணம் வீசும் பிளாஸ்டிக் உறையை மான் விழுங்கினால் அது வயிற்றில் செரிக்காமல் தங்கி, உயிரையே வாங்கிவிடும்.

காட்டின் இன்னொரு துன்பம் உண்ணிச்செடி. அமெரிக்க வெப்பநாடுகளிலிருந்து அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட இது, புல் முளைக்க வேண்டிய இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டது. இத்தகைய மாற்றங்களை அறிய, இந்திய அறிவியல் கழக அறிவியலார் 1988-இல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்தெடுத்து, அதிலிருந்த சுமார் 25,000 மரங்களுக்கும் எண் கொடுத்துக் கண்காணித்து வருகிறார்கள். எந்த மரம் தீயால் செத்தது, எதை யானை முறித்தது என்பதெல்லாம் அவர்கள் கணக்கில் இருக்கிறது!

புறப்படுவோமா?

பையில் ஒரு குறிப்பேடு, பென்சில், முடிந்தால் தொலைநோக்கி, எஃகுப் புட்டியில் குடிநீர் ஆகியவை இருக்கட்டும். உடை மங்கிய பச்சை அல்லது மண் நிறத்தில் இருப்பது நல்லது. வாசனைத் திரவியம் வேண்டாம். யானையின் மோப்பத்துக்கு அது வெகு தொலைவிலேயே தெரிந்துவிடும். காலையில் குளிர் இருக்கும். ஒரு கம்பளிச் சட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பார்த்த ஒவ்வொரு விலங்குக்கும் நேரம், இடம், அது செய்துகொண்டிருந்த வேலை, அருகில் நீர் இருந்ததா என்ற நான்கையும் எழுதுங்கள். திரும்பி வந்ததும் நண்பர்களின் குறிப்புகளோடு ஒப்பிட்டு, ஒரு வரைபடத்தில் புள்ளி வையுங்கள். புள்ளிகள் எங்கே நெருங்கி நிற்கின்றன, ஏன் என்று கண்டுபிடியுங்கள். புலியைப் பார்க்காமல் வந்தாலும், காடு எப்படி இயங்குகிறது என்பதைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள்.