காருகுறிச்சி அருணாசலத்தின் நேரடிக் கச்சேரிப் பதிவுகள்

காருகுறிச்சி அருணாசலம் (1921–1964) நாதஸ்வரக் கலைஞர். திருநெல்வேலி மாவட்டம் காருகுறிச்சியில் பிறந்து, கரிசல் பூமியின் முக்கிய ஊரான கோவில்பட்டியில் குடியேறி வாழ்ந்தவர். டி. என். ராஜரத்தினம் பிள்ளையின் சீடர். கோவில்பட்டியில் அவருக்குச் சிலை உண்டு.

பொதுமக்களிடம் அவர் பெயரை நிலைநிறுத்தியது ‘கொஞ்சும் சலங்கை’ (1962) படத்தில் இடம்பெற்ற ‘சிங்கார வேலனே தேவா’ பாடல். எஸ். எம். சுப்பையா நாயுடு இசையில், ஆபேரி ராகத்தில், எஸ். ஜானகியின் குரலும் அருணாசலத்தின் நாதஸ்வரமும் அதில் போட்டியிட்டுச் செல்லும். ஆனால் அந்தப் பாடலை மட்டும் கேட்டு அவரை மதிப்பிடுவது சரியாகாது. நாதஸ்வரக்காரரின் உண்மையான திறமை ராக ஆலாபனையில்தான் தெரியும். கோயில் வீதியுலாவிலும் கல்யாண வீட்டிலும் ஒரே ராகத்தை நெடுநேரம் வாசிப்பது மரபு. தாளக்கட்டு இல்லை, எழுதி வைத்த ஸ்வரமும் இல்லை. தவில்காரர் இடையிடையே வாசித்து நிறுத்த, முதன்மைக் கலைஞர் அந்த நேரத்துக் கற்பனையைக் கொண்டே ராகத்தை வளர்ப்பார்.

பழைய 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் ஏறத்தாழ 3 நிமிடம்தான் ஓடும். அதற்குள் ராகத்தின் சாயலைக் காட்டலாம், வளர்க்க முடியாது. இந்தத் தடையை ஸ்பூல் டேப் நீக்கியது. 1,200 அடி நீளமுள்ள டேப், நொடிக்கு 7½ அங்குல வேகத்தில் ஒரு பக்கத்துக்கு 32 நிமிடம் ஓடும். வேகத்தைப் பாதியாக்கினால் 64 நிமிடம். இன்று கேட்கக் கிடைக்கும் அருணாசலத்தின் நேரடிக் கச்சேரிப் பதிவுகளின் மதிப்பு இந்த நீளத்தில் இருக்கிறது. கூட்டத்தின் இரைச்சலும் அவற்றில் கேட்கும். அது குறையல்ல, யார் முன்னால் வாசித்தார் என்பதற்கான சாட்சி.

இத்தகைய பதிவுகள் அழிவதும் எளிது. டேப் விலை அதிகம் என்பதால், பதிந்ததை அழித்துவிட்டு அதிலேயே வேறொன்றைப் பதிவது அக்காலத்தில் சாதாரணம். அசிடேட் டேப் நாள்பட்டால் காடி வாடை வீசிச் சுருங்கும். இயந்திரத்தின் வேகம் மாறினாலும் சிக்கல்தான்: டேப் 6 சதவீதம் வேகமாக ஓடினால் சுருதி அரைக் கட்டை ஏறிவிடும். எனவே பழைய பதிவை எண்மமாக்குபவர் கலைஞரின் வழக்கமான சுருதியைத் தெரிந்து வேகத்தைத் திருத்த வேண்டும். திருத்தாவிட்டால் பிருகாக்கள் இயல்பைவிட வேகமாகக் கேட்டு, இல்லாத சாதனையைக் கலைஞர் தலையில் ஏற்றிவிடும்.

மேலை இசையிலும் இப்படி நடந்ததுண்டு. தெலோனியஸ் மங்க், ஜான் கோல்ட்ரேன் இருவரும் 1957இல் நியூயார்க்கில் சேர்ந்து வாசித்த ஜாஸ் கச்சேரியின் டேப், அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் கவனிப்பாரின்றிக் கிடந்து 2005இல்தான் அடையாளம் காணப்பட்டது. அதைப் பதிந்தது ஒரு வானொலி. தமிழ்நாட்டில் வானொலியோடு ரசிகர்களின் வீடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

பதிவு எவ்வளவு முக்கியம் என்பதை உணர அதே கரிசலில் இன்னொருவர் இருக்கிறார். அருணாசலம் பெருமதிப்பு வைத்திருந்த விளாத்திகுளம் சுவாமிகள், ஒரே ராகத்தை மணிக்கணக்கில் பாடியவர் என்று புகழ்பெற்றவர். அவரைப் பெரும்பாலும் எழுத்து வழியாகவே அறிகிறோம், இடைசெவல் கி. ராஜநாராயணன் போன்றவர்கள் அவரைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். அருணாசலம் நாற்பதுகளின் தொடக்கத்திலேயே மறைந்தாலும், அவர் வாசிப்பைக் காதால் கேட்டுச் சரிபார்க்க முடிகிறது.