பதினெட்டாம் படி போடும் கணக்கு

கார்த்திகை பிறந்துவிட்டால் போதும். தமிழ்நாட்டுத் தெருக்களில் கறுப்பு வேட்டியும் காவி வேட்டியும் நடமாடத் தொடங்கிவிடும். கழுத்திலே துளசி மணி. வாயிலே சரண கோஷம். விரதம் இருந்து, இருமுடி கட்டிச் சபரிமலைக்குப் புறப்படும் பக்தர்கள் இப்போது இன்னொன்றையும் மறவாமல் எடுத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. அதுதான் முன்பதிவுச் சீட்டு!

“சாமியைப் பார்க்கச் சீட்டு எதற்கு?” என்று பழைய குருசாமிகள் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். கால்நடையாகக் காடு கடந்து போன காலத்தில் யார் எண்ணினார்கள்? நாள் ஒன்றுக்கு இத்தனை பேர்தான் என்று வரம்பு கட்டுவது யார்? அதிகாரிகளா, கோர்ட்டா?

இரண்டும் இல்லை. அந்த வரம்பைக் கட்டுவது பதினெட்டாம் படி!

நிமிஷத்துக்கு எத்தனை பேர்?

வண்டிகளை நிறுத்த நிலக்கல்லில் இடம் உண்டு. நீராடப் பம்பை உண்டு. ஆனால் தலையில் இருமுடி தாங்கிய ஒவ்வொருவரும் முடிவில் அந்தக் குறுகிய பதினெட்டுப் படிகள் வழியாகத்தான் ஏறியாக வேண்டும். தேய்ந்துபோன கருங்கல் படிகளுக்கு 1985-ல் பஞ்சலோகக் கவசம் போட்டார்களே தவிர, படிகளை அகலமாக்கவில்லை. அங்கே போலீஸ்காரர்கள் நின்று, பக்தர்களைக் கை கொடுத்து ஏற்றிவிடுகிறார்கள்.

நிமிஷத்துக்கு 75 பேர் ஏறுவதாக வைத்துக்கொள்வோம். மணிக்கு 4,500 பேர். நடை 18 மணி நேரம் திறந்திருந்தால் 81,000 பேர். முதியவர்களும் குழந்தைகளும் மிகுதியாக வரும் நாளில் வேகம் நிமிஷத்துக்கு 60 ஆகக் குறைந்தால், 64,800 பேர்தான் ஏற முடியும். மிச்சம் 16,200 பேர் என்ன ஆவார்கள்? அவர்கள் வீடு திரும்ப மாட்டார்கள். மலைச்சரிவிலே, பசியோடும் தாகத்தோடும் வரிசையில் நிற்பார்கள். மறுநாள் கூட்டம் அவர்கள் பின்னால் வந்து சேரும்!

எண்ணாத இடத்தில் எமன்

சபரிமலையின் இரண்டு பெரிய விபத்துக்களும் பதினெட்டாம் படியில் நிகழ்ந்தவை அல்ல. 1999 ஜனவரி 14-ந் தேதி மகர ஜோதி காணப் பம்பையின் குன்றுச் சரிவில் திரண்ட கூட்டத்திலே 50-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். 2011-ல் அதே ஜனவரி 14-ந் தேதி, புல்மேட்டில் ஜோதி கண்டு திரும்பிய கூட்டம் நெரிசலில் சிக்கியது. 100-க்கும் மேற்பட்டோர் பலியானார்கள். அவர்களில் தமிழ்நாட்டிலிருந்து சென்றவர்கள் பலர்.

படியிலே ஆள் ஆளாக ஏற்றிவிடப் போலீஸ் உண்டு. மலைச்சரிவிலும் காட்டுப் பாதையிலும் எத்தனை பேர் நிற்கிறார்கள், அந்த இடம் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கெடுத்தவர் யார்?

ஏறி இறங்கிய வரம்பு

அதே 2011-ல்தான் கேரளப் போலீசார் ‘விர்ச்சுவல் க்யூ’ என்னும் இணையவழி முன்பதிவைத் தொடங்கினார்கள். 2020-ல் கொரோனா வந்தபோது பதிவு கட்டாயமாயிற்று. தொடக்கத்தில் சாதாரண நாட்களில் 1,000 பேருக்குத்தான் அனுமதி! 2022-ல் இந்தப் பொறுப்பு போலீசாரிடமிருந்து திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டின் கைக்கு மாறியது. 2023 டிசம்பரில் நெரிசல் முற்றவே, 90,000 ஆக இருந்த தினசரி வரம்பை 80,000 ஆகக் குறைத்தார்கள்.

2024-ல் வேறொரு சிக்கல் எழுந்தது. இணையத்தில் பதிவு செய்தவர்களுக்கு மட்டுமே அனுமதி, நேரில் வருவோருக்குப் பதிவு கிடையாது என்று முதலில் அறிவித்தார்கள். எதிர்ப்புக் கிளம்பியது. இணையம் அறியாத ஏழை பக்தன் என்ன செய்வான்? விரதமிருந்து வந்தவனை வழியிலே திருப்பி அனுப்புவதா? கடைசியில் 70,000 பேருக்கு இணையத்திலும், 10,000 பேருக்கு நேரிலும் பதிவு என்று முடிவாயிற்று.

2025 நவம்பரில் நடை திறந்த சில நாட்களிலேயே கூட்டம் கட்டுமீறியது. கேரள ஹைகோர்ட் தலையிட்டு, நேரடிப் பதிவைத் தற்காலிகமாக 5,000 ஆகக் குறைத்தது. நிலக்கல் முதல் சந்நிதானம் வரையுள்ள இடத்தைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றும் எத்தனை பேரைத் தாங்கும் என்று கணக்கிடும்படியும் கேட்டது. வாசலில் மட்டும் எண்ணினால் போதாது. வழி நெடுகிலும் எண்ண வேண்டும் என்பதே அதன் பொருள்.

வராதவர் பிடித்த இடம்

சீட்டு எடுத்தவர் அனைவரும் வருவதில்லை. சிலர் எதற்கும் இருக்கட்டும் என்று பதிவு செய்துவிட்டு, வீட்டிலேயே இருந்துவிடுகிறார்கள். பலர் தங்களுக்குக் குறித்த நாளையும் நேரத்தையும் விட்டு, வசதிப்பட்டபோது வருகிறார்கள். வராதவர் பலர் இருப்பார்கள் என்று நம்பிக் கூடுதலாகச் சீட்டுக் கொடுத்தால், எல்லோரும் வந்து நிற்கும் நாளில் ஆபத்து. கொடுக்காவிட்டால், இடம் காலியாகக் கிடக்க, ஒருவர் தரிசனம் இன்றித் தவிப்பார்.

இதற்குப் பரிகாரம் பக்தர்களிடமே இருக்கிறது. போக முடியாது என்று தெரிந்த உடனே பதிவை ரத்து செய்துவிட வேண்டும். குறித்த நாளில், குறித்த நேரத்தில் போய்ச் சேர வேண்டும். குழுவில் ஒருவருக்குச் சீட்டு இல்லை என்றால், நேரடிப் பதிவு உண்டா என்று விசாரித்த பிறகே வண்டி ஏற வேண்டும்.

தான் விட்டுக்கொடுத்த சீட்டு, முகம் தெரியாத ஒரு சாமியைப் படி ஏற்றிவிடும். அதுவும் ஒரு புண்ணியந்தானே!