படக்காட்சியும் ஆங்கில நாடகப் பாடமும்

உத்திரமேரூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் பிறந்த மாணாக்கர், நாடகம் என்பதை முதன்முதல் அறிவது அச்சுப் புத்தகத்தினாலன்று. கோடைக்காலத்தில் திரௌபதி அம்மன் கோயிலில் கொடியேறிவிட்டால், பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் கூத்தும் நடைபெறும். கட்டியங்காரன் வந்து நகைப்பூட்டுவதும், பிடித்த திரைக்குப் பின்னிருந்து துரியோதனன் ஆர்ப்பரித்துப் புறப்படுவதும் எம் பக்கத்துச் சிறுவர்க்குப் பாலபாடம். வில்லிபுத்தூராரின் செய்யுள் ஒன்றையேனும் படித்தறியாத முதியோர், எப்பாத்திரம் எவ்விடத்தில் எக்குரலில் பேசவேண்டும் என்பதில் கூத்தாடுவோரையே திருத்த வல்லவராயிருப்பர்.

இத்தகைய இடத்திலிருந்து கலாசாலைக்கு வந்த யான், முதலாண்டில் ஷேக்ஸ்பியரின் 'மாக்பெத்' நாடகத்தை ஆங்கிலப் பாடமாகக் கையில் வாங்கியபோது, அதனை ஒரு நாடகம் என்றே எண்ணவில்லை. பக்கத்தின் மேற்பாதி மூலம், கீழ்ப்பாதி அருஞ்சொற்பொருள். கடைவீதியில் வாங்கிய 'நோட்ஸ்' வேறு. மூலத்தை ஒதுக்கி நோட்ஸை உருப்போட்டேன். டங்கன் மன்னனைக் கொல்லப் புறப்படும் மாக்பெத்தின் கண்முன், இரண்டாம் அங்கத்தின் முதற்களத்தில், குத்துவாள் ஒன்று தோன்றுகிறதன்றோ? அவ்வாளைச் சூனியக்காரிகளே அந்தரத்தில் தொங்கவிட்டனர் என்று பரீட்சைத் தாளில் துணிந்து எழுதிவைத்தேன். ஆசிரியர் அவ்வரியை வகுப்பில் உரக்கப் படித்தார். எழுதியவன் பெயரை அவர் சொல்லவில்லை. சிவந்துபோன என் முகமே சொல்லிவிட்டது.

அடுத்த வாரம் அவ்வாசிரியர் எங்களைப் படக்காட்சி அறைக்கு அழைத்துச் சென்று, அந்த ஒரே களத்தை இருவேறு படங்களில் காட்டினார். முன்னது ரோமன் போலன்ஸ்கி என்பார் 1971-இல் எடுத்தது. அதில் வாள் மெய்யாகவே ஆகாயத்தில் மின்னிக்கொண்டு தோன்றி, மன்னன் உறங்கும் அறையை நோக்கி வழிகாட்டிச் செல்கிறது. என் மனத்தில் எழுந்த மகிழ்ச்சியை என்னென்பேன்! "யான் எழுதியது சரியே" என்று பக்கத்திலிருந்த நண்பனைத் தொட்டுக் காட்டினேன். பின்னது டிரெவர் நன் என்பாரது நாடகம், 1979-இல் தொலைக்காட்சியில் வெளிவந்தது. அரங்கமுமில்லை, கோட்டையுமில்லை, எங்கும் இருள். அவ்விருளில் இயன் மக்கெல்லன் என்னும் நடிகர் தனியே நிற்கிறார். வாள் எங்குமில்லை. அவர் கண்கள் மட்டும் எதையோ பற்றிக்கொண்டு மெல்ல நகர்கின்றன, கை நீள்கிறது, ஒன்றும் அகப்படாமல் திரும்புகிறது. அவ்வளவே. அவன் நெஞ்சிற்குள் கொலை ஏற்கெனவே நடந்துவிட்டது என்பதையும், வாள் அந்நெஞ்சத்தின் வேலையாக இருக்கலாம் என்பதையும் அப்போதுதான் உணர்ந்தேன். மாக்பெத் தானே அவ்வாளைப் பார்த்து இவ்வையத்தை எழுப்புகிறான் என்பது, பின்னர் மூலத்தைத் திறந்து பார்த்தபோது தெரிந்தது. நோட்ஸில் அது விடப்பட்டிருந்தது.

முதற்படத்தை மட்டும் கண்டிருந்தால் என் நிலை என்னவாகியிருக்கும்? என் பிழை பிழையென்றே எனக்குத் தோன்றியிராது. நாடகப் பாடத்திற்குப் படக்காட்சி வேண்டும் என்போர் பலர். ஒரே படம் போதாது, இரண்டு வேண்டும் என்போர் சிலரே. யான் அச்சிலரைச் சேர்ந்தவன். ஒரு படம் என்பது ஒருவர் எழுதிய உரை. பரிமேலழகர் ஒருவரையே கொண்டு திருக்குறளைக் கற்பவன், அவ்வுரையே குறள் என்று மயங்குவான். மணக்குடவரையும் உடன்வைத்துக் கற்பவனுக்கு இரண்டு உரைகளுக்கும் இடையே மூலம் தெரியத் தொடங்கும். தமிழ் ஆனர்ஸ் மாணாக்கர்க்கு இது புதிய செய்தியன்று. ஆங்கில நாடகத்திற்கு அதனைப் பொருத்திப் பார்க்க மட்டும் மறந்துவிடுகிறோம்.

சென்ற விடுமுறையில் அந்த இரண்டாவது களத்தைக் கைப்பேசியில் என் பாட்டியார்க்குக் காட்டினேன். எம் வீட்டார் கிறிஸ்தவர். ஆயினும் பாட்டியார் இளமையில் கூத்துப் பார்க்கத் தவறியதில்லை. ஆங்கிலத்தில் ஓர் எழுத்தும் அறியார். அருகிலிருந்த என் தம்பி, "கத்தி எங்கே, ஒன்றுமே காணோமே?" என்றான். பாட்டியார் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "அவன் கண்ணு போற எடத்தப் பாருடா, அங்கதான் கத்தி கீது" என்றார். யான் ஓராண்டு கற்றும் காணாததை அவர் ஒரு நிமிடத்தில் கண்டார். வாளும் வில்லும் இல்லாமலே போர்க்களத்தைக் காட்டும் கூத்தைப் பார்த்துப் பழகிய கண்கள் அவை.

நிற்க. ஷேக்ஸ்பியர் திரைக்கு வந்த வரலாறு சிறிது வேடிக்கையானது. அவரது நாடகத்தைத் தழுவிய முதற்படம் என்று கருதப்படுவது 1899-இல் இங்கிலாந்தில் எடுக்கப்பட்ட 'ஜான் மன்னன்'. சில நிமிடங்களே ஓடிய ஊமைப்படம் அது. சொல்லையே செல்வமாகக் கொண்ட கவிஞர் திரைக்கு ஊமையாக வந்து சேர்ந்தார்! நம் நாட்டிலோ, திருச்சியில் இரயில்வேயில் பணிபுரிந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்னும் கிறிஸ்தவர், 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து படக்கருவியையும் இயேசுநாதரின் வாழ்க்கையைக் காட்டும் படச்சுருளையும் வாங்கிக்கொண்டு, கூடாரத்துடன் ஊர் ஊராகச் சென்றார். அந்நாளில் திரையருகே ஒருவர் நின்று கதையை விளக்கிச் சொல்வதுண்டு. படம் பேசத் தொடங்கியபின் அவ்விளக்குவோர்க்கு வேலை போயிற்று. கலாசாலைப் படக்காட்சிக்கு மட்டும் அவர் இன்றும் வேண்டும் என்பேன். வேண்டுமிடத்தில் படத்தை நிறுத்தி, "இப்போது புத்தகத்தைப் பாருங்கள், இங்கே எத்தனை வரி விடுபட்டது?" என்று கேட்கும் ஆசிரியரே அவர்.

வரிகள் விடுபடுவது சிறு செய்தியன்று. லாரன்ஸ் ஒலிவியர் 1948-இல் எடுத்த 'ஹாம்லெட்' உலகப் புகழ் பெற்றது. அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசையும் அவ்வாண்டின் சிறந்த படமென்று பெற்றது. அது ஓடுவது ஏறத்தாழ இரண்டரை மணி நேரம். முழு நாடகமோ நான்கு மணி நேரத்திற்குக் குறையாது. கென்னத் பிரானா 1996-இல் மூலத்தை முழுதும் எடுத்தபோது அவ்வளவு நேரம் பிடித்தது. ஒலிவியர் ஒன்றரை மணி நேரத்தை எங்கே குறைத்தார்? ஹாம்லெட்டின் பழைய தோழர் இருவரையும், இறுதியில் வந்து அரசைக் கைக்கொள்ளும் ஃபார்டின்பிராஸ் இளவரசனையும் அறவே நீக்கிவிட்டார். அப்படத்தை மட்டும் பார்த்துப் பரீட்சை எழுதுவோன் அம்மூவரைப் பற்றிய வினாவுக்கு வெற்றுத்தாளைத்தான் கொடுப்பான். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. ஃபார்டின்பிராஸ் இல்லாத நாடகம் ஒரு குடும்பத்தின் துயரம். அவன் வந்தால் அது ஒரு நாட்டின் துயரமும் ஆகிறது.

பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தார் 1978 முதல் 1985 வரை ஷேக்ஸ்பியரின் 37 நாடகங்களையும் தொலைக்காட்சிக்கென எடுத்தனர். அவற்றுட் சில சலிப்பூட்டும் என்பதை மறைப்பானேன்? எனினும் மூலச் சொற்களைப் பெரிதும் விடாமல் பேசுவதால் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரிவரியாகத் தொடர்வதற்கு அவற்றினும் வசதியானவை குறைவு. அழகிய படம் வேறு, பாடத்திற்கு உதவும் படம் வேறு. ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசாவா 1957-இல் மாக்பெத் கதையைத் தம் நாட்டுப் போர்வீரர் கதையாக மாற்றி எடுத்த படத்தில் ஷேக்ஸ்பியரின் வரி ஒன்றேனும் இல்லை. அறிஞர் பலர் அதனைத் தலைசிறந்ததென்பர். பரீட்சைக்கு அது உதவாது. நாடகம் என்றால் என்ன என்று அறிய விரும்புவோர் அதனைத் தவறவிடலாகாது.

படத்தினால் எமக்கு வரும் பெரிய நன்மை காட்சியன்று, குரலே என்பது என் துணிபு. ஆங்கில நாடகச் செய்யுளில் அடிக்குப் பத்து அசைகள், அவற்றுள் ஐந்து அழுத்தம் பெறும், இயைபு கிடையாது. நம் யாப்போ குறில் நெடில் கொண்டு அசை பிரிப்பது. அழுத்தத்தால் நடக்கும் செய்யுளை நெடுமையால் நடக்கும் செய்யுளுக்குப் பழகிய செவி பிடித்துக்கொள்வது எளிதன்று. எழுத்தைப் பார்த்து எண்ணிக்கொண்டேயிருந்தேன், ஒருநாளும் விளங்கியதில்லை. 1953-இல் வந்த 'ஜூலியஸ் சீஸர்' படத்தில் ஜான் கீல்குட் காஸியஸாகவும் மார்லன் பிராண்டோ அந்தோனியாகவும் பேசக் கேட்டபின் விளங்கிற்று. அந்தோனி புரூட்டஸைப் புகழும் ஒரே சொல்லை மீண்டும் மீண்டும் சொல்கிறான். தாளில் அது ஒரே சொல்; செவியில் ஒவ்வொரு முறையும் வேறு. முதலில் மரியாதை, பிறகு ஐயம், இறுதியில் நஞ்சு. இதை எந்த நோட்ஸ்காரர் எழுதிக் காட்டுவார்?

பாட்டுக்கும் இவ்வாறே படம் உதவுமா என்றால், எனக்கு ஐயமே. வேர்ட்ஸ்வர்த் பாடிய டாஃபடில் மலரை எம் மாவட்டத்தில் எவரும் கண்டதில்லை. அதனைப் படத்தில் ஒருமுறை காட்டுவது நன்று, "இதுதானா!" என்று வியந்துவிட்டு மூடிவிடலாம். அதற்குமேல் காட்டினால் பாட்டு கெடும். மலரைக் கண்ட நாளைக்காட்டிலும், பின்னர்த் தனியே சாய்ந்திருக்கையில் அம்மலர் உள்ளத்தில் மீண்டும் பூத்ததையே கவிஞர் பெரிதாகப் பாடுகிறார். உள்ளத்தில் பூப்பதைத் திரை எவ்வாறு காட்டும்? பாட்டும் படமும் உடன்பிறந்த இடத்தில் மட்டும் கதை வேறு. 1936-இல் பிரிட்டிஷ் தபால் இலாகாவின் படப்பிரிவு எடுத்த 'நைட் மெயில்' என்னும் சிறு படம், இலண்டனிலிருந்து ஸ்காட்லாந்துக்குச் செல்லும் அஞ்சல் வண்டியைப் பற்றியது. அதன் இறுதிப் பகுதிக்காக ஆடன் என்னும் கவிஞர் வண்டிச் சக்கரத்தின் ஓசைக்கு இயையப் பாட்டு எழுதிக்கொடுத்தார். சந்தம் என்றால் என்னவென்று அறியாத மாணாக்கனுக்கும் அதனைக் கேட்டால் கால் தானே தாளமிடும்.

இனித் தமிழ் மாணாக்கர் என்னும் முறையில் ஒரு மனக்குறையைச் சொல்லலாம். நம் திரைப்படத்தார் ஷேக்ஸ்பியரை அறியாதவரல்லர். 'பன்னிரண்டாம் இரவு' 1949-இல் 'கன்னியின் காதலி' ஆயிற்று. 1963-இல் வந்த 'இரத்தத் திலகம்' படத்தில் சிவாஜி கணேசனும் சாவித்திரியும் ஒதெல்லோ காட்சியை ஆங்கிலத்திலேயே நடித்தனர். நம் நாடகங்களின் கதியோ வேறு. சுந்தரம் பிள்ளை 1891-இல் ஆசிரியப்பாவில் யாத்த 'மனோன்மணீயம்' எமக்குப் பாடநூல். அதனை மாடர்ன் தியேட்டர்ஸார் 1942-இல் 'மனோன்மணி' என்று படமாக்கினர். ஒப்புநோக்க இரண்டாவது படம் எங்கே? காஞ்சியிலிருந்து ஆண்ட மகேந்திரவர்மப் பல்லவன் இயற்றிய 'மத்தவிலாசப் பிரகசனம்' காஞ்சித் தெருக்களிலேயே நிகழும் நகைச்சுவை நாடகம். அதனை இன்றளவும் மேடையில் காத்துவந்தோர் கேரளத்துச் சாக்கியர்கள். காஞ்சி மாவட்டத்தானாகிய யான் அதனைப் புத்தகத்தில் மட்டுமே கண்டிருக்கிறேன்.

சிலப்பதிகாரத்திற்கு மட்டும் நற்காலம் வாய்த்திருக்கிறது. 1942-இல் கண்ணாம்பா நடித்த 'கண்ணகி'. 1964-இல் விஜயகுமாரி நடித்த 'பூம்புகார்'. ஆக இரண்டு படங்கள். இவ்விரண்டிலும் பாண்டியன் அவையில் கண்ணகி வழக்குரைக்கும் பகுதியை மட்டும் எடுத்து, இளங்கோவடிகளின் வழக்குரை காதையைக் கையில் வைத்துக்கொண்டு, அடுத்தடுத்துப் பார்க்க வேண்டும் என்று எம் தமிழாசிரியரிடம் விண்ணப்பித்துள்ளேன். அடிகள் அக்காதையில் செலவிட்ட சொற்கள் மிகச் சில. திரையில் அவை எத்தனை பெருகின, பெருகியதனால் கண்ணகி உயர்ந்தாளா குறைந்தாளா என்பதை நாங்கள் எண்ணிப்பார்க்கலாம். ஆசிரியர் இசைந்துவிட்டார். படக்காட்சி அறை எந்த வெள்ளிக்கிழமை கிடைக்கும் என்பதே இப்போதைய கேள்வி.