வெங்காயப் பூவுக்குத் தேனீ ஏன் வருவதில்லை?

கலிஃபோர்னியாவின் டேவிஸில் 1925-ல் 'இத்தாலியன் ரெட்' வெங்காயச் செடிகளுக்கு நடுவே இனவிருத்தியாளர் ஹென்றி ஜோன்ஸ் ஒரு வினோதச் செடியைக் கண்டார். பூத்திருந்தது, ஆனால், அதன் மகரந்தத்துக்கு உயிர் இல்லை. தானாக விதை பிடிக்காத அந்தச் செடி, பூத்தலையில் குட்டிக் குமிழ்களை விட்டிருந்தது. அவற்றை நட்டுத்தான் அதை அழியாமல் காப்பாற்றினார்கள். வீரிய ஒட்டு வெங்காயத்தின் தொடக்கம் அந்த ஆண் மலட்டுச் செடிதான்.

வீரிய ஒட்டு விதை எடுக்க, பருத்தியில் ஆட்கள் பூப்பூவாக மகரந்தப் பையைக் கிள்ளி, கையாலேயே ஒட்டுச் சேர்க்கிறார்கள். வெங்காயத்தில் அது கட்டுப்படியாகாது. ஒரு தலையில் நூற்றுக்கணக்கான சிறு பூக்கள். ஒரு பூவில் அதிகபட்சம் 6 விதைகள். ஆகவே பெண் செடிகளாக ஆண் மலட்டுச் செடிகளைச் சில வரிசையும், மகரந்தம் தரும் செடிகளை ஓரிரு வரிசையுமாக மாற்றி மாற்றி நடுகிறார்கள். வெங்காய மகரந்தம் பிசுபிசுப்பானது, காற்று அதைக் கொண்டுபோகாது. வரிசை தாண்டி அதைச் சேர்ப்பது தேனீயின் வேலை.

சிக்கலே இங்குதான். மகரந்தம் தேடி வரும் தேனீ பெண் வரிசைப் பக்கம் திரும்புவதே இல்லை. அங்கே அதற்கு ஒன்றும் கிடையாது. தேன் குடிக்க வருவது மட்டுமே இரண்டு வரிசைக்கும் போகும். அதுவும் பெரும்பாலும் ஒரே வரிசை நெடுகப் போகுமே தவிர, குறுக்கே தாண்டுவது குறைவு. போதாக்குறைக்கு, வெங்காயத் தேனில் பொட்டாசியம் மிகுதி. தேனீக்கு அந்தச் சுவை பிடிப்பதில்லை. வெயில் ஏற ஏறத் தேன் கெட்டியாகிவிடும். பக்கத்தில் வேறு நல்ல பூ இருந்தால் தேனீப் பெட்டியே காலியாகி, எல்லாம் அங்கு போய்விடும். அதனால்தான் வயலில் பத்தில் ஒரு பங்கு பூத்த பிறகு பெட்டிகளை இறக்கச் சொல்கிறார்கள். முன்னதாகவே இறக்கினால் தேனீக்கள் வேறு பூவுக்குப் பழகிவிடும்.

சூரியகாந்தியில் இவ்வளவு பாடு இல்லை. பெங்களூரிலிருந்து 1980-ல் வந்த பி.எஸ்.எச்.-1, இந்தியாவின் முதல் வீரிய ஒட்டுச் சூரியகாந்தி. அந்தப் பயிருக்கு எக்டருக்கு 5 பெட்டி என்பது பரவலான பரிந்துரை. ஆனால் பூக்கும் நாளில் பூச்சிமருந்து அடித்தால் எத்தனை பெட்டி வைத்தும் பயனில்லை.

இனவிருத்தியாளர்கள் மகசூல், நோய் எதிர்ப்பு, காயின் நிறம் என எல்லாம் பார்த்துப் பெண் செடியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அந்தப் பூவில் எவ்வளவு தேன் ஊறுகிறது, தேனீ அதை விரும்புகிறதா என்பதையும் தேர்வின் முதல் கட்டத்திலேயே அளந்து பார்க்க வேண்டும். விதை பிடிக்காத பெண் வரிசையின் நட்டம், வயலில் நிற்கும் விவசாயியின் தலையில்தான் விடிகிறது.