கேளாமலே தள்ளப்பட்ட வழக்கு

இங்கிலாந்து சங்கீதமில்லாத தேசம் என்று ஜெர்மானியர் சிலர் ஒரு காலத்தில் ஏளனம் செய்து வந்தனர். ஆங்கிலேயர்களில் பலரே அதை நம்பிவிட்டதுதான் விபரீதம். ஹென்றி பர்ஸெல் 1692-ல் அரங்கேற்றிய 'தி பேரி குவீன்' என்னும் இசை நாடகத்தின் ஸ்வரப் பிரதி, 1695-ல் அவர் காலஞ்சென்ற பின் காணாமற்போய், இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலேதான் அகப்பட்டது. சுமார் இருநூறு வருஷ மௌனம்!

அலமாரியில் தூங்கும் புஸ்தகத்தை எவனும் தனியே எடுத்து வாசித்துவிடலாம். வாத்திய கோஷ்டிக்கென எழுதிய சங்கீதமோ, ஒவ்வொரு வாத்தியக்காரனுக்கும் தனி ஏடு பிரதி செய்து, ஒத்திகை நடத்தி, மண்டபத்துக்கு வாடகையும் கட்டினாலன்றி வாய் திறவாது. அறியாத பெயருக்கு டிக்கெட் விற்பதில்லை. டிக்கெட் விற்காத பெயரை ஜனங்கள் அறிவதுமில்லை.

இந்தச் சுழலை உடைத்தவர்கள் தனி மனிதர்களே. ஜெரால்ட் பின்ஸி 1940-ல், யுத்தத்தின் நடுவே, நியூபரியில் தந்தி வாத்திய கோஷ்டியொன்றை ஸ்தாபித்து, மறந்துபோன பதினெட்டாம் நூற்றாண்டு ஆங்கில சங்கீதத்தைக் கிராமத்துக் கோயில்களில் வாசிக்கச் செய்தார்.

ஹாவர்கல் பிரையன் விஷயம் இன்னும் பரிதாபகரமானது. 1876-ல் பிறந்த இவர் முப்பத்திரண்டு ஸிம்பனிகள் இயற்றினார். பி.பி.சி.யில் உத்தியோகம் பார்த்த ராபர்ட் ஸிம்ப்ஸனின் முயற்சியால் 1954-ல் ஒன்று ஒலிபரப்பாயிற்று. 1927-ல் பூர்த்தியான 'காதிக்' ஸிம்பனி முதன்முதல் அரங்கேறியது 1961-ல். பெரும்பாலும் தொழில்முறையல்லாதாரே வாசித்தனர். ஆசிரியருக்கு அப்பொழுது வயது எண்பத்தைந்து! 2011-ல் லண்டன் ஆல்பர்ட் மண்டபத்தில் ஏறக்குறைய ஆயிரம் பேர் கூடி அதை இசைத்தபோது மண்டபம் நிறைந்திருந்தது. கேட்பாரில்லை என்று இத்தனை காலம் சொன்னவர்கள் எங்கே?

மறதியிலிருந்து மீண்டதெல்லாம் மாணிக்கம் என்று நாம் வாதிக்கவில்லை. 'காதிக்'கிலேயே ஆரவாரம் மிகுந்த இடங்கள் உண்டு. ஆனால் வாதியை விசாரியாமலே வழக்கைத் தள்ளுவது எந்தக் கோர்ட்டில் நியாயம்?

நமக்குச் சம்பந்தமான சாட்சியமும் ஒன்றுண்டு. ஸம்ஸ்கிருதம் பயின்ற கஸ்டவ் ஹோல்ஸ்ட் 'சாவித்திரி', 'சீதா' என இரண்டு இசை நாடகங்கள் எழுதினார். மூன்றே பாடகர்களும் சிறு வாத்திய கோஷ்டியும் போதுமான 'சாவித்திரி' 1916-ல் அரங்கேறியது. பல வருஷம் உழைத்து எழுதிய பெரிய நாடகமான 'சீதா'வோ, 1934-ல் அவர் மறையும் வரையில் மேடையே ஏறவில்லை.