உங்க கார் கண்ணாடிக்குள்ள ஒளிஞ்சிருக்கும் பிளாஸ்டிக்... ஈரம் பட்டா என்ன ஆகும் தெரியுமா?

ஹைவேஸில் முன்னால் போகும் டிப்பர் லாரியிலிருந்து ஒரு ஜல்லி தெறித்து, உங்கள் கார் கண்ணாடியில் 'டப்'பென்று அடிக்கிறது. சிலந்தி வலை மாதிரி விரிசல். ஆனால், கண்ணாடி உங்கள் மடியில் கொட்டவில்லை. 'செம ஸ்ட்ராங் கண்ணாடி!' என்று நினைப்பீர்கள். கிரெடிட் கண்ணாடிக்கு இல்லை பாஸ்! இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே ஒட்டியிருக்கும் பி.வி.பி என்ற பிளாஸ்டிக் ஃபிலிமுக்குத்தான். கார்களில் அதன் தடிமன் வழக்கமாக 0.76 மி.மீ.

உயிரைக் காப்பாற்றும் இந்த ஃபிலிம், குணத்தில் நம்ம வீட்டு அப்பளம் மாதிரி. திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும். அதில் ஈரம் சுமார் 0.5 சதவிகிதத்துக்குள் இருக்க வேண்டும். கூடினால் பிடிப்பு தளரும். அடிபடும்போது சில்லுகள் உதிரும். கண்ணாடிகளை ஒட்டவைக்க ஆட்டோகிளேவில் சுமார் 140 டிகிரி வரை சூடாக்குவார்கள். அந்தச் சூட்டில் ஈரம் குமிழியாகவும் மாறலாம்.

சரி, சுத்தமாகக் காயவைத்துவிட்டால்? அதுவும் தப்பு! பிடிப்பு அளவுக்கு மீறி இறுகிவிடும். மோதும்போது ஃபிலிம் இழுபட்டு வேகத்தை வாங்கிக்கொள்ள முடியாமல் கிழிந்துவிடும்.

அதனால்தான் பேக்கிங்கில் இவ்வளவு அக்கறை. ஒவ்வொரு ரோலும் ஈரம் புகாத அலுமினிய ஃபாயில் பைக்குள் சீல் செய்யப்படுகிறது. இன்னொரு தலைவலி, சூடு. வெயில் ஏறினால் ரோலின் சுற்றுகள் அல்வாத் துண்டுகள் மாதிரி ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்ளும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, 10 டிகிரிக்குள் குளிரவைத்து, குளிரூட்டிய வண்டியிலேயே அனுப்புவது. இல்லையென்றால், சுற்றுகளுக்கு நடுவே மெல்லிய பாலிதீன் ஷீட் கொடுத்துச் சுருட்டுவது. இப்படிச் சுருட்டியதைச் சாதாரண அறையிலேயே வைக்கலாம். ரோலை அப்படியே தரையில் கிடத்தவும் மாட்டார்கள். அதன் எடையே அடிப்பக்கத்தை நசுக்கிவிடும் என்பதால், பெட்டிக்குள் நடுக்குழாயின் இரு முனைகளையும் தாங்கி, தொங்கவிட்டிருப்பார்கள்.

பலர் சொதப்புவது பையைப் பிரிக்கும்போதுதான். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த வாட்டர் பாட்டில் வியர்க்குமே, குளிர் அறையிலிருந்து வந்த ரோலை உடனே பிரித்தால் அதே கதைதான். பையோடு வைத்து, அறைச் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். அதுவும் சுமார் 20 டிகிரி, 25-30 சதவிகித ஈரப்பதம் உள்ள, தூசியில்லாத அறையில். சென்னையின் மழைக்காலக் காற்றில் திறந்துபோட்டால் என்ன ஆகுமென்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்! மிச்சமான ரோலையும் ஃபாயிலுக்குள் போட்டு மறுபடி சீல் செய்தே ஆக வேண்டும்.

கார் கண்ணாடியை மாற்றப்போகிறீர்களா? பொருத்தும் முன், புதுக் கண்ணாடியின் நாலு ஓரங்களையும் வெளிச்சத்தில் வைத்துப் பாருங்கள். பால் மாதிரி வெண்மை படர்ந்திருந்தாலோ, குமிழி தெரிந்தாலோ, "அண்ணே, வேற பீஸ் எடுங்க"ன்னு தயங்காமக் கேளுங்க!