பிள்ளை அடங்கிக் கிடக்கிறதா? பொறுத்திருக்க வேண்டாம்

ஆயர் ஈத்தாம் அடுக்குமாடி வீடொன்றில் 37 வாரக் கர்ப்பிணி ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். காலையிலிருந்து வயிற்றில் அசைவு குறைவாக இருக்கிறது. மாமியாரிடம் சொல்கிறார். "நாள் நெருங்கிடுச்சும்மா, பிள்ளை இறங்கி அடங்கிக் கிடக்கு. பயப்படாதே. மைலோ கலக்கித் தர்றேன், குடிச்சுப் பாரு" என்கிறார் அவர். அன்பாகச் சொன்ன வார்த்தைதான். ஆனால், ஆபத்தான வார்த்தை.

பிரசவம் நெருங்கினால் அசைவு குறையும் என்ற நம்பிக்கை நம் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அது உண்மையல்ல. இடம் நெருக்கமாவதால் உதைப்பது மாறி, நெளிவது போலவும் புரள்வது போலவும் தோன்றலாம். ஆனால், அசைவின் அளவு குறையக் கூடாது. குறைந்தால், குழந்தைக்குப் பிராணவாயு போதவில்லை என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம்.

அரசாங்கக் கிளினிக்கில் கொடுக்கப்படும் தாய்மார் பதிவுப் புத்தகத்தில் இதற்கென்றே ஓர் அட்டவணை உண்டு. காலை 9 மணிக்கு எண்ணத் தொடங்க வேண்டும். பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு வந்தது என்று குறிக்க வேண்டும். இரவு 9 மணிக்குள் 10 அசைவு இல்லையென்றால் உடனே மருத்துவமனை. வழக்கத்தைவிடக் குறைவு என்று தாயின் மனத்திற்குப் பட்டாலே போதும். இரவு 9 வரை காத்திருக்கத் தேவையில்லை. சோதித்துப் பார்த்து "நன்றாக இருக்கிறது" என்று திருப்பி அனுப்பினால், அது வீண் அலைச்சல் அல்ல; நிம்மதி.

பயப்பட வேண்டாதவையும் உண்டு. குழந்தையின் தலை இறங்கும்போது மூச்சு விடுவது எளிதாகும். அடிக்கடி சிறுநீர் வரும். இடுப்பு வலிக்கும். வயிறு இறுகித் தளரும். நடந்தாலோ படுத்தாலோ நின்றுவிட்டால் அது பொய் வலி. உண்மையான வலி நேரம் போகப் போகக் கூடும், நெருங்கி நெருங்கி வரும். முதல் பிரசவமானால் 5 நிமிடத்திற்கு ஒருமுறை வரும்போது புறப்படலாம். இரண்டாவது பிள்ளையென்றால் அதற்கு முன்பே கிளம்புவது நல்லது.

குறித்த தேதியிலேயே பிறக்கும் குழந்தைகள் மிகச் சிலவே. அதனால் 37 வாரம் ஆனதும் பை தயாராக இருக்கட்டும். பதிவுப் புத்தகமும் அடையாள அட்டையும் அதில் முதலில் இருக்கட்டும்.

பனிக்குடம் உடைந்தால் வலி இல்லாவிட்டாலும் போக வேண்டும். நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. இரத்தப்போக்கு, கடுமையான தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி, முகமும் கையும் திடீரென வீங்குதல் ஆகியவையும் அப்படியே. பின்னவை இரத்த அழுத்தம் ஏறுவதன் அடையாளங்கள்.

ஆயர் ஈத்தாமிலிருந்து பினாங்குப் பொது மருத்துவமனை சில கிலோமீட்டர்தான். ஆனால், சீனப் புத்தாண்டில் கெக் லோக் சி ஆலயத்தில் விளக்கேற்றும் இரவுகளிலும், பள்ளி விடுமுறையில் பினாங்கு மலைக்குக் கூட்டம் வரும்போதும் சாலை நகராது. தைப்பூசத்தன்று மருத்துவமனைப் பக்கத்துச் சாலைகளிலேயே நெரிசல். எந்த வழியில் போவது, யார் கார் ஓட்டுவது என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். அவசரமென்றால் 999.

கணவன்மார்களுக்கும் ஒரு செய்தி. 2023 ஜனவரி 1 முதல் தனியார் துறையில் தந்தையர்க்கு 7 நாள் சம்பளத்துடன் விடுப்பு உண்டு. ஓராண்டு வேலை செய்திருக்க வேண்டும். பிரசவத் தேதிக்கு 30 நாள் முன்பே முதலாளியிடம் தெரிவிப்பது முறை. அன்றிரவே மனைவியிடம் இன்னொன்றும் கேளுங்கள்: "இன்றைக்குப் பத்தாவது அசைவு எத்தனை மணிக்கு?"